மரத்துப்போச்சா? அசையலையா?

பிள்ளைகளே, சப்பணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால், "கால் மரத்துப்போச்சு!" என்கிறோம். மரத்துப்போதல் என்றால், தொட்டாலும் தெரியாமல் போவது. எழுந்து நடந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

தசை இறுகி வலித்தால் அது பிடிப்பு. "கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்பார் தாத்தா.

அசைக்க நினைத்தும் கை கால் அசையவில்லையா? அது வாதம்.

பக்கம் + வாதம் = பக்கவாதம். உடம்பின் ஒரு பக்கம் செயலிழக்கும். கோளாறு கையில் இல்லை, மூளையில்! அங்கே இரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெடிக்கும். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடம்பின் வலப்பக்கம் அசையாது.

கவனம்! முடக்குவாதம் வேறு. அது மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்.

நினைவில் வையுங்கள்
பாட்டிக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒரு கை மரத்துப்போகிறதா, தூக்க முடியவில்லையா? "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று பாட்டி சொன்னாலும் காத்திருக்காதீர்கள். உடனே அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

பயிற்சி: சரியான சொல்லை எழுதுக
1. பல் டாக்டர் ஊசி போட்டதும் உதடு ________.
2. ஓடும்போது காலில் தசை ________.
3. ________ வந்ததால் மாமாவின் இடது கையும் காலும் அசையவில்லை.