வந்தியின் பங்கை யார் அடைப்பது?

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு ஒரு புராணக் கதையையும் ஒரு வெள்ளத்தையும் எடுத்துக்கொள்வோம். கதை மதுரையில் நடந்தது, நம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் 2017 நவம்பரில் நம்ம பட்டர்வொர்த்துக்கு வந்தது, அதுவும் நம்மில் பலருக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடம்.

1. கதை

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது திருவிளையாடல், மண் சுமந்த படலம். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவழித்தார் என்று மாணிக்கவாசகரைப் பாண்டியன் வைகை மணலில் நிறுத்தித் தண்டிக்கிறான். வைகை பெருகுகிறது. கரை உடைகிறது. அரசன் ஒரு திட்டம் போடுகிறான். கரையை அளந்து, பங்கு பிரித்து, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அவரவர் பங்கை அடைக்க வேண்டும் என்று ஆணை இடுகிறான்.

வந்தி என்ற கிழவிக்கும் ஒரு பங்கு விழுகிறது. பிட்டு அவித்து விற்றுப் பிழைப்பவள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசு இல்லை. சோமசுந்தரரே கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆடுகிறார், பாடுகிறார், தூங்குகிறார். எல்லாப் பங்கும் அடைபட்டுவிட்டது, வந்தி பங்கு மட்டும் அப்படியே கிடக்கிறது. கோபத்தில் பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன் மேல், அரசி மேல், அமைச்சர் மேல், எல்லா உயிர் மேலும் விழுகிறது. வந்த கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைகிறார், கரை அடைபடுகிறது.

நாம் இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து "சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்தார்" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். நான் பொறியியல் படிக்கிறவன். எனக்கு அந்த உடையாத கரையை விட அடைபடாத பங்குதான் முதலில் கண்ணில் படுகிறது. ஒரு கரையில் 99 பங்கு உறுதியாக இருந்து ஒரு பங்கு மட்டும் தாழ்வாக இருந்தால், தண்ணீர் அந்த ஒரு இடத்தில்தான் ஏறி வழியும். வழிகிற தண்ணீர் மண்ணை அரித்துத் திறப்பை அகலமாக்கும். அப்புறம் உள்ளே வருகிற வெள்ளம், யார் தன் பங்கைச் செய்தார், யார் செய்யவில்லை என்று பார்த்து வீட்டுக்குள் நுழையாது. பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

2. வெள்ளம்

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. மதியத்துக்கு மேல் மழையும் காற்றும் ஆரம்பித்து, விடிய விடிய விடவே இல்லை. மரங்கள் சாய்ந்தன. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் ஆறுகள் பெருகின. அதிகாலை 3 மணி வாக்கில் அப்போதைய முதல்வர் லிம் குவான் எங், துணைப் பிரதமர் அகமட் சாஹிட் ஹமிடியைத் தொடர்பு கொண்டு இராணுவ உதவி கேட்டார். ஒரு மாநில முதல்வர் அந்த நேரத்தில் இராணுவத்தைக் கேட்கிறார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். 7 பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள்.

சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஒரு மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது. 300 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஸ்கேல் நீளம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 300 மில்லிமீட்டர் மழையில் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் சுமார் 28,000 லிட்டர் இறங்கும். 200 வீடு உள்ள ஒரு தாமான் என்றால் 56 லட்சம் லிட்டர். இரண்டு ஒலிம்பிக் நீச்சல் குளத்துக்கும் மேல். இது கூரைத் தண்ணீர் மட்டும். ரோடு, கார் நிறுத்துமிடம், சிமெண்டு போட்ட முற்றம் எதையும் இதில் சேர்க்கவில்லை. இவ்வளவும் நம்ம வாசல் லோங்காங் வழியாகத்தான் போயாக வேண்டும்.

3. ஏன் நடந்தது?

மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வானிலை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் சுழல்வது கடினம். பூமியின் சுழற்சி காற்றைத் திருப்புகிற விசை அங்கே மிகக் குறைவு. அதனால் 5 பாகைக்குள் புயல் உருவாவது அபூர்வம். பினாங்கு 5 பாகையைச் சற்றே தாண்டித்தான் இருக்கிறது. "நமக்குப் புயல் வராது" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் அபூர்வம் வேறு, நடக்கவே நடக்காது என்பது வேறு. 1996 டிசம்பரில் கிரெக் புயல் சபாவில் 200 பேருக்கு மேல் பலி வாங்கியது. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் சென்யார் புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமத்திராவின் வடபகுதியைச் சீரழித்தது. 2017இல் பினாங்குக்கு வந்தது பெயர் வைத்த புயல்கூட இல்லை. டம்ரே சூறாவளி வியட்நாமைத் தாக்கிய அதே நாட்களில், தீபகற்பத்தின் வடக்கே கடந்து போன ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை. அதற்கே இந்த அடி.

இரண்டாவது, கடல். உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்க. 2017 நவம்பர் 4 பௌர்ணமி. ஐப்பசிப் பௌர்ணமி, சிவாலயங்களில் அன்னாபிஷேகம் நடக்கும் சமயம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில் வருவதால் அதை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும். பட்டர்வொர்த் தட்டையான கடலோர நிலம். பிறை ஆறு, ஜூரு ஆறு எல்லாம் மெதுவாகப் போய்க் கடலில் சேர்கின்றன. கடல் மட்டம் கால்வாயின் வாயை விட மேலே ஏறிவிட்டால், தண்ணீர் வெளியே போகாது. மதகைத் திறந்தால் கடல்தான் உள்ளே வரும். கடல் இறங்கும் வரைக்கும் பெய்கிற மழை எல்லாம் நம்ம தெருவில்தான் நிற்கும். திதியும் நட்சத்திரமும் பார்க்கிற பழக்கம் உள்ள நமக்கு இது ஒரு வசதி. ஐப்பசி, கார்த்திகையில் பௌர்ணமியோ அமாவாசையோ வரும் வாரத்தில் கனமழை எச்சரிக்கையும் வந்தால், அதை இரட்டை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நாம். வயலும் சதுப்பு நிலமும் மழையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை மேடாக்கி வீடும் தொழிற்சாலையும் கட்டினால், பிடித்து வைக்க இடம் இல்லை. நம் நாட்டு வடிகால் நீர்ப்பாசனத் துறை, ஜே.பி.எஸ்., 2000ஆம் ஆண்டிலேயே 'மெஸ்ரா ஆலாம்' வடிகால் கையேட்டைக் கொண்டு வந்தது. தண்ணீரை வேகமாகத் துரத்துவதை விட்டுவிட்டு, விழுந்த இடத்திலேயே கொஞ்சம் நிறுத்தி மெதுவாக விடு என்பதுதான் அதன் சாரம். ஆனால் அதற்கு முன்பு கட்டிய தாமான்கள் எத்தனை! அவற்றின் லோங்காங் அந்தக் காலத்துக் கணக்கு. அதிலும் பாதியை மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? பூஜை முடிந்த மாலை, தேங்காய் மட்டை, வாழை இலை இவற்றைக் கோயில் பின்பக்கக் கால்வாயில் தள்ளுவதும் இதில் அடக்கம். நிர்மால்யத்தை மண்ணில் புதைத்தால் உரம். கால்வாயில் போட்டால் அடைப்பு.

4. "எல்லாம் கர்மா" என்று சொல்லலாமா?

வெள்ளம் வந்தால் நம்ம மத்தியில் ஒரு பேச்சு வரும். "அவங்க செஞ்ச பாவம்", "சாமி குத்தம்". இளைஞர்களாகிய நாம் இதற்கு நிதானமாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கோபப்பட வேண்டியதில்லை, கதையையே திருப்பிச் சொன்னால் போதும். வைகை பெருகியதற்கு வந்தி செய்த பாவம் காரணமா? இல்லை. தவறு செய்தவன் அரியணையில் இருந்தான். நனையப் போனவள் பிட்டு விற்கிற கிழவி. புராணம் இதை ஒளிக்கவே இல்லை. இறைவன் வந்து நின்றது யார் பக்கம் என்று பாருங்க. வந்தியைப் பார்த்து "உன் வினை" என்று அவர் சொல்லவில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கர்மம் என்ற சொல்லுக்குச் செயல் என்றுதான் முதல் பொருள். அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கம் சொல்ல அந்தச் சொல்லை எடுப்பதை விட, நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்க எடுப்பது நல்லது.

2017 வெள்ளத்தில் தீவில் ஒரு பள்ளிவாசல், வெள்ளத்தில் சிக்கிய சீனக் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்து இடம் கொடுத்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அவர்கள் யாருடைய வினையையும் விசாரிக்கவில்லை.

5. நம்ம தாமானில் வந்தி யார்?

அரசன் போட்ட திட்டத்தில் என்ன குறை? வீட்டுக்கு ஓர் ஆள், எல்லாருக்கும் ஒரே அளவு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆளே இல்லாத வீட்டுக்கு அது நியாயம் இல்லை. இன்றைய வெள்ள அறிவிப்புகளும் ஏறக்குறைய அப்படித்தான் எல்லாருக்கும் பொதுவாக வருகின்றன. "உடனே வெளியேறுங்கள்" என்று கைபேசியில் செய்தி வரும். கைபேசியே இல்லாத பாட்டிக்கு? இரவு 2 மணிக்குக் கரண்ட் போன பிறகு, படுக்கையில் இருக்கும் தாத்தாவை யார் தூக்குவது? மகன் சிங்கப்பூரில் வேலை, மகள் கோலாலம்பூரில். மாக் மண்டினிலோ பாகான் ஆஜாமிலோ பழைய தரைவீட்டில் அம்மா மட்டும் தனியாக. இப்படி எத்தனை வீடு என்று நமக்கே தெரியும்.

20 பேர் உள்ள ஒரு கிளை இயக்கம், ஐப்பசி பிறப்பதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைகள் இவை:

• வந்தி பட்டியல். தனியாக இருக்கும் முதியவர், உடல் ஊனமுற்றவர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், கைக்குழந்தைக்காரர். ஒரு வீட்டுக்கு இரண்டு இளைஞர் பொறுப்பு. எந்த இனம், எந்த மதம் என்று பார்க்காதீர்கள். அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, திருடனுக்கும் அது உதவும்.

• பத்திரப் பை. ஐ.சி., பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், மருத்துவமனை அட்டை, ஒரு வார மருந்து. தண்ணீர் புகாத பையில் போட்டு உயரத்தில் மாட்டி வைக்க உதவுங்கள். நிவாரண உதவித் தொகைக்குப் போகும்போது முதலில் கேட்பது ஐ.சி.தான்.

• எச்சரிக்கை படிக்கக் கற்பது. மெட் மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கை மூன்று நிலை: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஜே.பி.எஸ். ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் காட்டுகிறது: சாதாரணம், வாஸ்பாடா, அமாரான், பஹாயா. வாஸ்பாடாவில் வந்தி வீட்டுக்கு ஒரு போன். அமாரானில் நேரில் போய்க் கூட்டி வருவது. பஹாயா வரும் வரை காத்திருக்கக் கூடாது.

• கால்வாய் நடை. மழை நாளில் பாதுகாப்பான தூரத்தில் நின்று, எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று படம் எடுத்து, இடத்தைக் குறித்து நகராண்மைக்குப் புகார் கொடுங்கள். வெயில் நாளில் கோத்தோங் ரோயோங் செய்யுங்கள்.

• கோயில் மண்டபம். அன்னதானச் சமையலறையும் பெரிய பாத்திரங்களும் நம்மிடம் ஏற்கனவே இருக்கின்றன. அரிசி மூட்டை தரையில் இருக்கிறதா, மேடையில் இருக்கிறதா? சாவி யாரிடம்? இரவில் யாரைக் கூப்பிடுவது? நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

• வெள்ளம் வடிந்த பிறகு. சேற்றில் இறங்குமுன் பூட்சும் கையுறையும் போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும், காலில் சின்னக் காயம் இருந்தாலே போதும். வயர்மேன் பார்க்காமல் மின் சுவிட்சைத் தொடாதீர்கள்.

ஓடுகிற தண்ணீரில் வீரம் காட்டாதீர்கள். முழங்கால் அளவு வேகமான தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும். அந்த வேலை தீயணைப்பு மீட்புப் படைக்கு, 999. நம்ம வேலை, தண்ணீர் வருவதற்கு முன்பே வந்தியைக் கூட்டி வந்துவிடுவது.

6. கலந்துரையாட

அ) அரிமர்த்தன பாண்டியனின் பங்குத் திட்டத்தை நீங்கள் எழுதியிருந்தால், வந்திக்கு என்ன ஏற்பாடு செய்திருப்பீர்கள்?

ஆ) திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தின் ஐந்தாவது குறளைப் படியுங்கள். கெடுப்பதும் மழை, கெட்டவரை எடுத்து நிறுத்துவதும் மழை என்கிறார் வள்ளுவர். நம்ம ஊரில் இந்த இரண்டும் எங்கெங்கே தெரிகிறது?

இ) உங்கள் தெருவில் தனியாக இருக்கும் மூன்று பேரின் பெயரைச் சொல்ல முடியுமா? முடியாவிட்டால், அடுத்த கூட்டத்துக்குள் அவர்கள் வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

ஈ) உங்கள் கோயில் மண்டபத்தின் தரை, ரோட்டை விட எவ்வளவு உயரம்? அடுத்த கூட்டத்துக்கு அளந்து வந்து சொல்லுங்கள். அளவு நாடா நான் கொண்டு வருகிறேன்.