கிணற்றுக்குள் இறங்குமுன்

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் தொடங்கும் வேலைகளுள் ஒன்று கிணறு இறைப்பது. ஆள்புழங்காது கிடந்த கிணற்றில் நச்சுவாயு நிற்கக்கூடும். (போர் நடந்த இடமாயின் உள்ளே வெடிபொருளும் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றுவோர் பார்க்கும்வரை அதைத் தொடவேண்டாம்.)

இலைகுழையும் செத்த பிராணிகளும் உக்கும்போது ஒட்சிசன் செலவாகிக் காபனீரொட்சைட்டு உண்டாகிறது. இவ்வாயு காற்றிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரமானது. ஆகவே அடியிலேயே தங்கிவிடும். நிறமுமில்லை, மணமுமில்லை. இதற்காகவே நம் முன்னோர் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தனர். காற்றில் 21 வீதமாயுள்ள ஒட்சிசன் சுமார் 16 வீதத்துக்குக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும். அணைந்தால் இறங்கக்கூடாது. நல்ல வழக்கந்தான், ஆனால் இன்று அது மட்டும் போதாது.

காரணம், நீரிறைக்கும் இயந்திரம். மேலே வைத்த இயந்திரம் நடைமுறையில் 7 மீற்றர் ஆழத்துக்குக் கீழேயுள்ள நீரை உறிஞ்சுவது அரிது. அதனால் ஆழக் கிணறுகளில் சிலர் மண்ணெண்ணெய் இயந்திரத்தையே உள்ளே இறக்கி ஓட்டுகிறார்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, குருதியில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். விளக்கு நன்றாக எரியும் காற்றிலும் மனிதன் சாவான். தலையிடி, சத்தி, கால் சோர்வு, பிறகு விழுவதுதான். இயந்திரத்தை நிறுத்திய பின்னும் வாயு உள்ளே நிற்கும்.

எனவே இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுள் வைக்காதீர்கள். மின்சார நீர்மூழ்கிப் பம்பி இல்லையேல் கப்பியும் வாளியுந்தான் வழி. சிரமமென்பது தெரியும். பம்பி பாவித்தால், ஆள் இறங்குமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இலைக்கொப்பொன்றைக் கயிற்றில் கட்டிப் பலமுறை மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குங்கள். காற்று ஊதும் கருவி கிடைத்தால் அதுவே மேல். இறங்குபவரின் அக்குளின் கீழாகக் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்தபடியே இருங்கள். பதில் நின்றால் உடனே தூக்குங்கள்.

கயிறில்லாமல் ஒருவர் விழுந்துவிட்டால்? அண்ணன் விழத் தம்பி குதிப்பான், அவனும் விழுவான். ஒரே வீட்டில் இரண்டு சாவு நேருவது இப்படித்தான். குதிக்க வேண்டாம். மேலிருந்தே காற்றை ஊதுங்கள், அயலாரைக் கூப்பிடுங்கள், 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வைத்தியரிடம் இயந்திரப் புகை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தாமதமின்றி ஒட்சிசன் கொடுக்க அது உதவும்.