நான் யாரென்னும் வினாவும் அன்றாட வாழ்வும்

கல்லூரியிற் சேரவரும் மாணாக்கர் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே தம்மைக் குறித்து எழுத்து மூலமாய் ஒரு விடை தருகின்றனர். பெயர் யாது, தந்தை பெயர் யாது, பிறந்த ஊர் எது, சமயம் எது, சாதி எது என விண்ணப்பத்தாள் வினவ, அவரும் கட்டங்களை நிரப்பிக் கையொப்பமிடுகின்றனர். அத்தாள் அலுவலகத்திற்குப் போதுமானது. ஆயினும் எழுதிய மாணவனது உள்ளத்திற்கு அது போதுமோ? இக்கட்டங்கள் யாவும் அழிந்துபோயினும் அழியாது நிற்கும் ‘நான்’ என்பது யாது? கிறிஸ்து மார்க்கம் இவ்வினாவிற்கு என்ன விடை கூறுகின்றது, அவ்விடை கோவிலில் மாத்திரமன்றிக் கடைத்தெருவிலும் சமையலறையிலும் எவ்வாறு விளங்கும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோசேயின் வினா

சத்திய வேதத்துள் இவ்வினாவை வெளிப்படையாய்க் கேட்டவர்களுள் மோசே முதன்மையானவர். அவரது வரலாற்றைச் சற்றே நினைவு கூர்வோம். பிறப்பால் அவர் எபிரெயர். அடிமைகளின் குலத்திற் பிறந்தவர். வளர்ப்பால் எகிப்தியர்; பார்வோனின் குமாரத்தியால் மகனாகப் பாராட்டப்பட்டவர். மீதியான் தேசத்துக் கிணற்றடியில் அவரைக் கண்ட பெண்கள், தம் தந்தையிடம் சென்று எகிப்தியன் ஒருவன் தமக்கு உதவினான் என்றே சொன்னார்கள். பின்னரோ அவர் மாமனாரின் மந்தையை மேய்க்கும் இடையரானார். ஒருவரிடத்தில் மூவர் இருந்தனர்; மூவருள் எவரும் அவரல்லர்.

எரியும் முட்செடியின் நடுவிலிருந்து தேவன் அழைத்தபோது, பார்வோனிடத்திற்குப் போகத் தாம் யாரென்று மோசே வினவினார். தேவன் அளித்த மறுமொழி கவனிக்கத்தக்கது. நீ இன்ன குலத்தான், இன்ன கல்வியுடையான், இன்ன வல்லமையுடையான் என்று அவர் கூறவில்லை. தாம் அவனோடுகூட இருப்பதாகவே வாக்களித்தார். கேட்டது தன்னைப் பற்றி. கிடைத்த விடையோ தேவனைப் பற்றி. முதற்பார்வைக்கு இது வினாவை விலக்கிய விடைபோலத் தோன்றும். ஊன்றி நோக்கின் இதுவே முழு விடையாகும். மனிதன் தன்னையே துருவித் துருவித் தன்னைக் கண்டுகொள்வதில்லை. தன்னை அறிந்தவர் ஒருவரால் அழைக்கப்படும்போதே அவன் தன்னைக் காண்கிறான்.

இன்னுமொன்று. அதனை அடுத்துத் தேவன் கேட்டது மோசேயின் கையிலிருப்பது யாதென்பதே. அவர் கையிலிருந்தது ஆடு மேய்க்கும் கோல். நாள்தோறும் புழங்கிய அக்கருவியே அழைப்பின் கருவியாயிற்று. ஆகவே ‘நான் யார்’ என்னும் வினாவிற்கும் ‘என் கையில் இருப்பது யாது’ என்னும் வினாவிற்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பதை மாணவர் உளங்கொள்வாராக.

சின்னமும் மெய்யும்

தென்பெண்ணைக் கரையிலமைந்த திருக்கோவிலூரும் இவ்வினாவிற்குப் புதியதன்று. கபிலரின் பெயரால் வழங்கும் குன்று நிற்கும் ஊர் அது. மலையமான் திருமுடிக்காரியின் ஊரும் அதுவே. சைவ மரபு போற்றும் மெய்ப்பொருள் நாயனார் அங்கிருந்து ஆண்ட அரசர். போரில் அவரை வெல்லமாட்டாத முத்தநாதன் என்னும் பகைவன், நீறு பூசி அடியார் வேடம் பூண்டு, நூற்சுவடி போன்ற ஒரு கட்டினுள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனையுள் நுழைந்தான். ஆகமம் ஓதுவதாகக் கூறித் தனியிடம் பெற்று அரசரைக் குத்தினான். மெய்காவலனாகிய தத்தன் வாளுருவியபோது, குருதி பெருகக் கிடந்த அரசர் அவனைத் தடுத்து, வந்தவனை ஊரார் தீங்கு செய்யாவண்ணம் எல்லை கடத்திவிடும்படி பணித்தார் என்று பெரிய புராணம் கூறும்.

இவ்வரலாற்றைச் சைவ நண்பர் தம் முறையிற் போற்றுவர். கிறிஸ்தவ மாணாக்கராகிய நாமும் இதனின்று ஓர் எச்சரிக்கையைப் பெறலாம். இருவரும் ஒரே சின்னத்தின்முன் நின்றனர். ஒருவனுக்கு அது மறைப்பு. மற்றவருக்கு அது உயிரினும் பெரிது. சின்னம் ஒருவனை இன்னானென்று காட்டலாம், இன்னானாக ஆக்கமாட்டாது. ஞானஸ்நானத்திற் பெற்ற பெயரும், கழுத்திலணிந்த சிலுவையும், கையிலேந்திய வேதபுத்தகமும் அத்தகையனவே. வேதக்கட்டினுள் கத்தி இருத்தல் கூடும். தத்தனது வாள் உருவப்பட்ட அக்கணத்திலேயே அரசர் உண்மையில் எதற்கு உரியவர் என்பது வெளிப்பட்டது. நம்மையும் ஒருவன் புண்படுத்தும் கணத்தில் நம்முள்ளிருந்து வெளிப்படுவது யாதோ, அதுவே நமது மெய்ப்பெயர் என்க.

சாதியென்னும் பழைய பெயர்

தமிழ்நாட்டுத் திருச்சபையை இவ்வினா மிகவும் வருத்திய இடம் சாதியே. கிறிஸ்துவுக்குள் புதிய மனிதனானவன் பழைய சாதிப்பெயரை வைத்துக்கொள்ளலாமோ? பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் சங்கத்தின் தலைவர்கள் சாதியை உலகியல் ஒழுங்கு என்று கொண்டு, அதனைச் சிறிது சிறிதாகவே நீக்கவேண்டுமென எண்ணினர். அச்சங்கத்தின் ஊழியரான கார்ல் ஆக்ஸ் என்பவர் இதற்கு உடன்படாமற் பிரிந்து, 1860-ஆம் ஆண்டை அடுத்த ஆண்டுகளில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்னும் நிலையத்தை அமைத்தார். டென்மார்க்கு தேசத்து மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. அவ்வாறு வேரூன்றிய டேனிஷ் மிஷனின் பணி தென்னார்க்காட்டுப் பகுதியிற் பரவித் திருக்கோவிலூரையும் எய்திற்று. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவ்வேரிற் கிளைத்ததே. ஆதலின், இவ்வட்டாரத்துத் திருச்சபையின் தொடக்கத்திலேயே ‘நீ யார்’ என்னும் வினா ஒரு பிளவின் உருவில் நின்றதென்பது தெளிவு.

அப்பிளவு முற்றும் ஆறிவிட்டதென்று யாரும் சொல்லார். கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை காணப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சட்டமும் இவ்வினாவைப் புதிய முறையில் எழுப்பியுள்ளது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, அட்டவணைச் சாதியினர்க்குரிய உரிமைகளைப் பொதுவாக இந்துக்களுக்கே உரியவாக்கிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அட்டவணைச் சாதியினின்று கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோராகவே கணிக்கப்படுகின்றனர். இதனால் வறிய குடும்பங்களிற் பிறந்தோர் சிலர் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயரும் உடையராய் வாழ நேர்கின்றது.

இவர்களைக் கோழைகள் என்று இகழ்தல் எளிது, அது நீதியன்று. ஊரார் அவரைத் தாழ்த்துங்கால் அவரது சமயத்தைக் கேட்டுத் தாழ்த்துவதில்லை. ஒரே இழிவைச் சுமப்பவருள் ஒருவனுக்கு உரிய உதவி, அவன் கிறிஸ்துவை அறிக்கையிட்ட காரணத்தால் மறுக்கப்படுமாயின், அவன் உள்ளம் இரண்டாகப் பிளவுபடுதல் வியப்பன்று. அவன்மேற் கல்லெறியுமுன் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: அவன் தன் மெய்ப்பெயரை அச்சமின்றிச் சொல்லத்தக்க இடமாக நம் சபையும் விடுதியும் இருந்தனவோ? ஒருவன் தான் தேவனுடைய பிள்ளை என்று அறிவதற்கு, தன்னைப் பிள்ளையாக நடத்தும் ஒரு வீடு வேண்டுமன்றோ?

திருக்கோவிலூரிற் பணிபுரிந்த ஓர் அம்மையார்

தம் மெய்ப்பெயரைத் தேடிப் பெருவிலை கொடுத்த ஒருவரைத் திருக்கோவிலூரின் வரலாற்றிலேயே காண்கிறோம். அவர் எஸ்தர் ஃபேரிங் என்னும் டேனிஷ் அம்மையார். டேனிஷ் மிஷனின் ஊழியராய் இந்தியாவிற்கு வந்து திருக்கோவிலூரிற் பணியாற்றினார். 1917-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் உடன் ஊழியரான ஆன் மேரி பீட்டர்சன் அம்மையாருடன் ஆமதாபாத்தில் காந்தியடிகளின் ஆசிரமத்தைச் சென்று கண்டார். அதுமுதல் அடிகளுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. அடிகள் அவரைத் தம் அருமைக் குழந்தையென விளித்து எழுதிய அக்கடிதங்கள் 1956-இல் நவஜீவன் பதிப்பகத்தாரால் நூலாக வெளியிடப்பட்டன.

மிஷன் மேலாளர்க்கு அந்நட்பு உவப்பாயில்லை. ஆங்கில அரசினரும் ஐயுற்றனர். அவரவர் பார்வையில் அம்மையார்க்கு ஒவ்வொரு பெயர் கிடைத்தது. மிஷனார்க்கு அவர் வழிவிலகிய ஊழியர். அரசினர்க்குக் கலகக்காரரோடு பழகும் அந்நியர். இந்நாட்டார் பலர்க்கோ எத்துணை அன்பினராயினும் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவர் 1919-இல் மிஷனைவிட்டு விலகி, பின்னர் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1921-இல் டாக்டர் மேனன் என்னும் இந்தியரை மணந்தார். அவ்வாண்டிலேயே பரங்கிப்பேட்டையில் பீட்டர்சன் அம்மையார் தொடங்கிய சேவாமந்திர் என்னும் பெண்கள் கல்வி நிலையத்திற்குக் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். மேனன் தம்பதியரும் பின்னர் அப்பணியிற் பங்கு கொண்டனர்.

இவ்வரலாற்றில் நாம் காணவேண்டியது யாது? அம்மையார் மிஷனைவிட்டாரேயன்றிக் கிறிஸ்துவை விடவில்லை. சம்பளம், பதவி, தம் நாட்டாரின் நன்மதிப்பு ஆகிய புறப்பெயர்கள் ஒவ்வொன்றாக நீங்கியபின்பும் அவருள் நீங்காது நின்றது ஒன்றுண்டு. ஏழைகளோடு ஏழையாய் வாழ்ந்த இயேசுவுக்குத் தாம் உரியவர் என்னும் உணர்வே அது. அவரைப்போல் நிலையத்தைவிட்டு விலகுதலே சிறந்த வழியென நாம் விதித்தல் வேண்டா. திருக்கோவிலூரிலேயே நிலைத்திருந்து, பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஆயுள் முழுதும் உழைத்தவர்களும் அவ்வுணர்வாலேயே உழைத்தனர். போனவரும் இருந்தவரும் ஒரே அழைப்புக்குச் செவிகொடுத்தனராயின், இருவரும் தம்மைக் கண்டுகொண்டவரே.

கையிலுள்ள கோல்

இனி அன்றாட வாழ்விற்கு வருவோம். மார்ட்டின் லுத்தர் 1520-இல் எழுதிய நூலொன்றில், ஞானஸ்நானம் பெற்றோர் யாவரும் ஆசாரியரே என்னும் கொள்கையை நிலைநாட்டினார். செம்மான், கொல்லன், உழவன் ஆகியோர் தொழில்களும் பிறர்க்குப் பயன்படுமாறு தேவனால் அளிக்கப்பட்டவை என்பது அவர் கருத்து. பதினேழாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரத்து மடமொன்றில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ், ஜெபவேளையிற் போலவே சமையலறையின் பரபரப்பிலும் தேவசமுகத்தை உணர்ந்தவர். பவுல் அப்போஸ்தலரும் கூடாரம் தைத்து உண்டவரே. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒருவனும் திங்கட்கிழமை அங்காடியில் வேறொருவனுமாய் வாழ்தல் கிறிஸ்தவ வாழ்வாகாது.

திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் ஒரு வணிகன் இருக்கிறான் என்று கொள்வோம். எடை பார்க்கத் தெரியாத மலைவாசி ஒருவன் கல்வராயன் மலையினின்று கடுக்காயும் தேனும் கொண்டுவருகிறான். தராசுத்தட்டு அசையும் அந்நொடியில் வணிகன் யாரென்பது தீர்மானமாகிறது. சபைப் பதிவேடு அங்கே சாட்சி கூறாது. கரும்பு வெட்டியவர்க்கு மாலையிற் கூலி கொடுக்குமிடத்தும், மருத்துவமனையில் அயலார் தொடக்கூசும் புண்ணைத் தாதி கழுவுமிடத்தும், தேர்வுக்கூடத்திற் கண்காணிப்பவர் முதுகு காட்டுமிடத்தும் அவ்வாறே. விடுதியில் உணவு பரிமாறுபவரை நாம் எவ்வாறு விளிக்கின்றோம் என்பதும் நாம் யாரென்பதைச் சொல்லிவிடும்.

இங்கே திருக்கோவிலூரின் மற்றொரு வரலாறும் நினைவிற்கு வருகின்றது. மழை பெய்த இரவொன்றில் முதலாழ்வார் மூவரும் அவ்வூர் இல்லமொன்றின் இடைகழியில் ஒதுங்கினர். ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் மாத்திரமே இடமிருந்தது. நான்காமவர் ஒருவர் நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர் என வைணவ மரபினர் கூறுவர். எம்மாவு ஊருக்கு நடந்த சீஷர் இருவரது வரலாற்றை நாம் இதனருகில் வைத்து நோக்கலாம். வழித்துணையாய் வந்த மூன்றாமவரை அவர் அறிந்திலர். வீட்டிற் சாதாரண உணவுக்கு அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்டபோதே கண் திறக்கப்பெற்றனர். இவ்விரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. இரண்டின் சமயமும் வேறு, பொருளும் வேறு. ஆயினும் தேவசமுகம் இடுக்கமான இடத்தும் எளிய உணவிலும் சந்திக்கும் என்பதைக் கேட்க இவ்வூர்ச் செவி பழகியதே. நம் விடுதியறைகளும் இடுக்கமானவையே. அங்கும் உடனுறைவோன் ஒருவனுக்கு இடம் விடுவோனே தன் ஆண்டவருக்கும் இடம் விட்டவனாகிறான்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! பட்டமும் பதவியும் நமக்குச் சில பெயர்களைத் தரும். தோல்வியும் வறுமையும் வேறு சில பெயர்களைத் தரும். சாதி நாம் கேளாமலே ஒரு பெயரைத் தந்துவிட்டது. இவை யாவும் பிறர் நமக்கிட்டவை. நம்மை உண்டாக்கியவர் நம்மை அழைக்கும் பெயரோ அன்பிற் பிறந்தது. எச்சான்றிதழும் அதனைக் கொடுக்கவோ பறிக்கவோ வல்லதன்று. அப்பெயருக்குச் செவிகொடுத்து, கையிலுள்ள கோல் எழுதுகோலாயினும், ஏராயினும், துடைப்பமாயினும் அதனை அவருக்கென்று எடுத்து நடப்போமாக. அயலானையும் அப்பெயராலேயே அறிந்து, சபையின் பந்தியிலும் கல்லறையிலும் பேதமின்றி அவனுக்கு இடமளிப்போமாக. அங்ஙனம் நடக்குமிடத்து, நாம் யாரென்று நாமே பறைசாற்ற வேண்டுவதில்லை. நம்மோடு வாழ்வோர் அதனை அறிந்துகொள்வர்.