மலைவீட்டில் ரேடான்: எந்தச் சோதனை?

கொலராடோவின் மலையூர்களில் வீடு வாங்கும் இளம் குடும்பங்கள் ரேடான் சோதனையைத் தேர்ந்தெடுக்கும் விதம் எனக்குக் கவலை தருகிறது. பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்று ஒரு மீட்டர் வாங்குகிறார்கள். இல்லையென்றால், தரகர் அவசரப்படுத்துகிறார் என்று ஏதோ ஒரு சோதனையோடு முடித்துக்கொள்கிறார்கள்.

ராக்கி மலைப் பாறைகளில் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து பிறப்பதுதான் நிறமும் மணமும் இல்லாத ரேடான். பனிக்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப அடித்தள விரிசல்கள் வழியே மண்ணின் வாயு உள்ளே வருகிறது. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் ரேடான்தான். ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் இறப்பதாக அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. கொலராடோவில் ஏறக்குறையப் பாதி வீடுகள் வீட்டைச் சரிசெய்யும் நடவடிக்கை எடுக்க அந்த முகமை சொல்லும் லிட்டருக்கு 4 பிகோகியூரி என்ற அளவைத் தாண்டுகின்றன.

ரேடானை அளக்க, சில நாள் மட்டும் வைக்கும் கரி டப்பா, தொடர்ந்து எண் காட்டும் டிஜிட்டல் மீட்டர், பல மாதம் வைக்கும் ஆல்ஃபா தடத் தகடு ஆகிய மூன்றும் பயன்படுகின்றன. நான் எச்சரிக்க விரும்புவது, வீடு கைமாறும்போது செய்யும் 48 மணி நேரச் சோதனையை நம்பி நிம்மதியாகிவிடுவதைப் பற்றி.

அந்தச் சோதனை பேரத்துக்காகச் செய்யப்படுவது. தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பே சன்னல்களை மூடி, முடியும்வரை திறக்காமல் வைக்க வேண்டும். விற்பவர் குடியிருக்கும் வீட்டில் அதற்கு யார் பொறுப்பு? பலத்த காற்றும் புயலும் வந்தாலே எண் மாறிவிடும். 3.6 என்று வந்தால் ‘தேறிவிட்டது’ என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். 4 என்பது ஆபத்தில்லாத எல்லை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த அளவு கனமீட்டருக்கு 100 பெக்கரல், அதாவது சுமார் 2.7 பிகோகியூரி. மேலும், கோடையில் எடுத்த 3.6 பனிக்காலத்தில் எங்கே போய் நிற்கும் என்பதை அந்தத் தாள் சொல்லாது. எங்கள் வீட்டில் ஜூலைக்கும் ஜனவரிக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாள் கணக்கை நான் நம்புவதில்லை.

என் ஓட்டு ஆல்ஃபா தடத் தகட்டுக்கே. மின்சாரம் வேண்டாம். ஆல்ஃபா துகள்கள் பிளாஸ்டிக்கில் பதிக்கும் தடங்களை ஆய்வகத்தில் எண்ணுவார்கள். வீட்டின் மிகக் கீழான, ஆட்கள் புழங்கும் தளத்தில், சமையலறையும் குளியலறையும் தவிர்த்து, மூன்று மாதத்துக்கு மேல் வையுங்கள். ஓராண்டு வைத்தால் இன்னும் நல்லது. முதல் குறுகிய சோதனையிலேயே 8-க்கு மேல் வந்திருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே இன்னொரு குறுகிய சோதனை செய்துவிடுங்கள்.

டிஜிட்டல் மீட்டர் நல்ல கருவிதான். அதை வாங்குமுன் உங்கள் சுபாவத்தையும் பாருங்கள். ஒரு மணி நேரம் எண் ஏறினாலே பதறுபவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். நீண்ட நாள் சராசரியை மட்டும் பார்க்கும் பொறுமை இருப்பவருக்குப் பல ஆண்டுகள் பயன்படும். வீட்டுக்கடன் கட்ட முப்பது ஆண்டு பொறுப்பவர்கள், மூச்சுக்காற்றை அளக்க ஓராண்டு பொறுக்கலாமே.

அளவு கூடுதலாக இருந்தால், தளத்துக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றும் குழாயும் விசிறியும் பொருத்தச் சொல்லுங்கள். பொருத்தியவரே எடுத்துத் தரும் அளவோடு நிற்காமல், வேறொருவரிடம் 30 நாளுக்குள் சோதித்துப் பாருங்கள். பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதும்.