ஒரே சட்டியில் முழுச் சாப்பாடு: மெக்கரோனியும் பருப்பும்



அந்திக் கொழுந்து நிறுத்து, மலையிலிருந்து இறங்கி, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்து சேரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிடும். உடுப்பு நனைந்திருக்கும், அடுப்பு குளிர்ந்திருக்கும். "அம்மா, பசிக்குது" என்று பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வரும். அந்த நேரத்தில் மாவைப் பிசைந்து, நாலு ரொட்டி தட்டி, ஒரு சம்பலை அரைத்து, சாயத் தண்ணியோடு கொடுத்துவிடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. கை ஓய்ந்த நேரத்தில் வேறு என்ன செய்வது?

ரொட்டி வயிற்றை நிரப்பும், வேலை செய்யச் சக்தியும் தரும். ஆனால் பிள்ளை வளர்வதற்கும், உடம்பில் இரத்தம் ஊறுவதற்கும் வேண்டிய சத்து ரொட்டியிலும் சம்பலிலும் போதாது. ஆகவே இந்தப் பாடத்தில், ரொட்டி சுடுகிற நேரத்துக்குள்ளேயே ஒரே சட்டியில் ஒரு முழுச் சாப்பாடு செய்யப் பழகுவோம்.

மேல்நாடுகளில் இதைக் 'கெசரோல்' என்பார்கள். மூடியுள்ள ஒரு பாத்திரத்தில் மெக்கரோனி, மரக்கறி, முட்டை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் போறணையில் வேகவைப்பது. நம்மிடம் போறணை இல்லை. பரவாயில்லை, சோறாக்கும் சட்டியும் அதன் மூடியும் போதும்.

மெக்கரோனி எதற்கு?

மெக்கரோனியும் கோதுமையில் செய்வதுதான், ரொட்டிக்குக் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். பிசைய வேண்டாம், தட்ட வேண்டாம், ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். ஈரம் படாமல் வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. 400 கிராம் பைக்கற்று ஒன்று ஐந்து பேருக்குப் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெக்கரோனியை மட்டும் அவித்துச் சாப்பிட்டால், அதுவும் ரொட்டி தின்ற கதைதான். கோதுமையில் குறைவாக உள்ள ஒரு புரதச் சத்து பருப்பில் நிறைய இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. அதனால் இந்தச் சட்டியில் பருப்பை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது.

தேவையான பொருட்கள் (ஐந்து பேருக்கு)

மெக்கரோனி 400 கிராம்
மைசூர்ப் பருப்பு 150 கிராம்
முட்டை 3
கரட் 2, லீக்ஸ் 1
தக்காளி 2
பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 2
கறிவேப்பிலை, மஞ்சள் தூள், உப்பு
எண்ணெய் 2 மேசைக்கரண்டி
தேங்காய்ப்பால் 1 தம்ளர்
தேசிக்காய் 1

வீட்டுப் பக்கம் முருங்கைக்கீரையோ பொன்னாங்காணியோ இருந்தால் ஒரு பிடி சேர்க்கலாம். லீக்ஸ் மடிப்புக்குள் மண் இருக்கும். நீளவாக்கில் பிளந்து, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

செய்முறை

1. சட்டியில் எண்ணெய் விட்டு வெங்காயம், பூண்டு, மிளகாய், கறிவேப்பிலையை வதக்கவும்.

2. கழுவிய பருப்பு, மஞ்சள் தூள், 4 தம்ளர் தண்ணீர் (ஒரு தம்ளர் 200 மில்லிலீற்றர்) சேர்த்து மூடவும். பருப்பு மசியும்வரை சுமார் 15 நிமிடம் கொதிக்கட்டும். இந்த நேரத்தில் மரக்கறியை வெட்டி, பிள்ளைக்கு முகம் கழுவிவிடலாம்.

3. பருப்பு மசிந்த பிறகுதான் உப்பும் தக்காளியும் போட வேண்டும். தக்காளிப் புளிப்பு முன்னாலே சேர்ந்தால் பருப்பு வேக நேரம் எடுக்கும், விறகும் வீண்.

4. இன்னும் 4 தம்ளர் தண்ணீர் ஊற்றி, அது கொதித்ததும் மெக்கரோனி, கரட், லீக்ஸ் ஆகியவற்றைப் போடவும். அடி பிடிக்காமல் இடைக்கிடை கிளறவும். தண்ணீர் வற்றினால் அரைத் தம்ளர் சுடுதண்ணி சேர்க்கலாம்.

5. மெக்கரோனி வெந்ததும் கீரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிளறி, மேலே மட்டமாகப் பரப்பவும். முட்டையைச் சிறிது உப்போடு அடித்து மேலே ஊற்றவும்.

6. சட்டியை மூடி, அடுப்பில் எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணல் மட்டும் வைக்கவும். தகர மூடியின் மேலும் கொஞ்சம் தணலை அள்ளிப் போடவும். பத்து நிமிடத்தில் முட்டை கட்டியாகி மேற்பக்கம் பொன்னிறமாகும். இதுதான் நம்முடைய போறணை. மூடியைத் திறக்குமுன் தணலைக் கவனமாக அகற்ற வேண்டும், பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

கேஸ் அடுப்பு என்றால் ரொட்டிக்கல்லை அடுப்பில் வைத்து, அதன் மேல் சட்டியை வைத்து, சின்ன நெருப்பில் பத்து நிமிடம் விடவும். மேலே சிவக்காது. ஆனால் முட்டை வேகும், அடியும் பிடிக்காது.

7. இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியவும்.

பைக்கற்றில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம்

முதல் தடவை நாங்கள் இதைச் செய்து காட்டியபோது, பைக்கற்றில் சொன்ன நிமிடத்தை மணிக்கூட்டில் பார்த்து இறக்கிவிட்டோம். கடித்தால் நடுவில் மாவு மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அப்பாயி, "மலைக் குளிருக்கு அரிசியே லேசுல வேகாது, இது வேகுமா?" என்றார். அவர் சொன்னது சரி. குளிரோடு, உயரமும் ஒரு காரணம். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். சூடு குறைவு என்பதால் வேக இன்னும் சில நிமிடம் வேண்டும். நெருப்பைக் கூட்டினால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். ஆகவே மூடி வைத்து, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து இறக்குங்கள்.

சட்டியைப் பங்கு வைக்கும் முறை

அன்றைக்கு நாங்கள் இன்னொன்றையும் பார்த்தோம். சாப்பாடு ஆனதும் முதலில் வீட்டு ஆம்பளைக்கு, பிறகு பள்ளிக்கூடம் போகும் பையன்களுக்கு, பிறகு மாமியாருக்கு, பிறகு சின்னப் பிள்ளைக்கு. சமைத்த தாய்க்குக் கிடைத்தது சட்டியின் அடியில் சுரண்டியது. மேலே இருந்த முட்டையில் ஒரு துண்டுகூட அவர் தட்டில் இல்லை. கேட்டதற்கு, "எனக்கு இது போதுங்க, பழகிப்போச்சு" என்றார். அவர் அன்றைக்கு முழுவதும் மலையில் நின்று கொழுந்து எடுத்தவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தச் சட்டியில் உள்ள மெக்கரோனி, பருப்பு, முட்டை மூன்றிலும் சேர்த்துச் சுமார் 100 கிராம் புரதம் இருக்கிறது. ஐந்தாகச் சரியாகப் பிரித்தால் ஆளுக்கு 20 கிராம். அடியில் சுரண்டியதில் எவ்வளவு இருக்கும்?

எனவே எங்கள் வேண்டுகோள் இதுதான். யாரும் கை வைக்குமுன், சட்டியிலேயே அகப்பையால் கோடு போட்டு ஐந்து பங்காக வெட்டுங்கள். தாயின் பங்கை முதலில் ஒரு தட்டில் எடுத்து மூடி வையுங்கள். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் இருந்தால் அவர்களுக்கு ஓர் அகப்பை கூட வையுங்கள். இந்தச் சமையலுக்குப் பெரிய கைப்பக்குவம் தேவையில்லை. முதலில் வீட்டுக்கு வருபவர் ஆம்பளை என்றாலும் பருப்பை அடுப்பில் ஏற்றிவிடலாம்.

சாயம் எப்போது?

நாம் பறிக்கும் தேயிலையை நாமே குறை சொல்வதா என்று நினைக்க வேண்டாம். தேத்தண்ணி குடிக்கலாம், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதில்தான் நட்டம். சாயத்தில் உள்ள துவர்ப்புச் சத்து, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது இரத்தத்தில் சேராமல் வீணாகப் போகிறது. தேசிக்காயும் தக்காளியும் இதற்கு நேர்மாறு. அவற்றில் உள்ள விற்றமின் சி, இரும்புச் சத்து உடம்பில் சேர உதவுகிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் சாயத்தைத் தள்ளி வையுங்கள். மருத்துவிச்சி தரும் இரும்புச் சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு போடாமல், தண்ணீரோடு போடவேண்டும்.

மலை ஏறும்போது மூச்சு வாங்குதல், அடிக்கடி தலைசுற்று, கண்ணின் கீழ் இமை உட்பக்கம் வெளுத்திருத்தல் ஆகியவை இரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம். "சோம்பல்" என்று விட்டுவிடாமல் மருத்துவிச்சியிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள்.

பொருள் இல்லாத நாளில்

2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் கோதுமை மாவின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மெக்கரோனி வாங்க முடியாத நாளில் மிஞ்சிய ரொட்டியை மெல்லிய துண்டாக வெட்டி, கெட்டிப் பருப்புக் கறியோடு மாறி மாறி அடுக்கி, மேலே முட்டை ஊற்றி இதே மாதிரித் தணலில் வைக்கலாம். அவித்த உருளைக்கிழங்கிலும் செய்யலாம். முட்டை இல்லையென்றால் 50 கிராம் நெத்தலியைக் கழுவிப் பொரித்துச் சேர்க்கலாம். நெத்தலியில் உப்பு இருப்பதால் சட்டியில் உப்பைக் குறைக்கவும்.

தேங்காய்ப்பால் சேர்த்த சாப்பாடு சீக்கிரம் புளித்துவிடும். அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள், மறுநாள் மத்தியானத்துக்கு மலைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசிப் பாருங்கள்

1. நேற்று இரவு நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்? அவர் தட்டில் என்ன இருந்தது?
2. சாப்பாட்டோடு சாயம் குடிக்கும் பழக்கம் நம்மில் யாருக்கு உண்டு?
3. இந்தக் கிழமை எந்த நாளில் இந்தச் சட்டியை ஏற்றலாம்? அன்றைக்குப் பருப்பைக் கழுவி வைப்பது யார்?

செய்து பார்த்துவிட்டு, எது சரி வந்தது, எது சரி வரவில்லை என்று பிள்ளைக் காம்பரா அக்காவிடம் சொல்லுங்கள். அடுத்தவர் வீட்டுக்கும் அது பயன்படும்.