பிளக் மாறினால் வோல்ட் மாறாது

வெளிநாடு கிளம்புகிற நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் தவறாமல் கேட்பது, "எந்த அடாப்டர் வாங்கட்டும்?" என்பதுதான். இயந்திரங்களை நிறுவிக் கொடுக்கும் வேலைக்காக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா, சிங்கப்பூர் என்று போய்வருகிறவன் நான். பதிலுக்கு நான் கேட்பது, "என்னென்ன சாமான் எடுத்துப் போகிறீர்கள்?" அடாப்டர் வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால், அடாப்டர் பின்னின் வடிவத்துக்கு மட்டுமே வழி செய்கிறது. சுவரில் வரும் மின்சாரம் எதுவோ, அது அப்படியே உங்கள் சாமானுக்குள் போகும். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அங்கே டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். இந்த வித்தியாசத்தைத் தாங்குமா என்பதைச் சாமான்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பொடி எழுத்தைப் படியுங்கள்

சார்ஜரின் முதுகில் 'இன்புட்' என்று தொடங்கும் வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலையில்லை. உலகத்தில் எங்கும் வேலை செய்யும். செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். இவற்றுக்குப் பின் பொருந்தினால் போதும். எழுத்து தெரியவில்லை என்றால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் எல்லா சார்ஜர்களின் படத்தையும் போனில் வைத்திருக்கிறேன். கடையில் நின்று யோசிக்கும்போது உதவுகிறது.

220-240 வோல்ட் என்றோ 230 வோல்ட் என்றோ மட்டும் இருந்தால், சிங்கப்பூர், துபாய், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப் போகலாம். அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் வேண்டாம்.

சூடாக்குபவை, சுற்றுபவை

அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், கெட்டில், ரைஸ் குக்கர், மிக்சி, கிரைண்டர் ஆகியவை பெரும்பாலும் ஒரே வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டவை. வோல்ட் பாதியானால் சூடும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படியில்லை. சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. நம் ஊர் 1000 வாட் கெட்டில் அமெரிக்காவில் சுமார் 270 வாட்தான் எடுக்கும். ஜப்பானில் 190 வாட். தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தே பொழுது போய்விடும். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் டிரையரை இங்கே மாட்டினால் நடப்பது அதைவிட மோசம்: கிட்டத்தட்ட நான்கு மடங்கு சூடு பாய்ந்து நொடிகளில் கருகும்.

"பையன் வீட்டுக்குப் போறேன் தம்பி, மிக்சி எடுத்துட்டுப் போகவா?" என்று அமெரிக்கா கிளம்பும் அம்மாக்கள் கேட்பார்கள். அமெரிக்காவுக்கென்றே செய்த 110 வோல்ட் மிக்சி சென்னைக் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்குங்கள் என்பேன். வீட்டு மிக்சிக்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்தான். ஆனால் 750 வாட் மிக்சிக்கு அதைவிடக் கூடுதல் திறனுள்ளது வேண்டும். எடை பல கிலோ வரும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் கிரைண்டர் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் வேகமாகச் சுற்றும். இந்த 110 வோல்ட் சாமான்களைத் திரும்பக் கொண்டுவந்து இங்கே நேராக மாட்டிவிடக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எந்த ஊரில் எந்தப் பின்

நம் மூன்று உருண்டைப் பின் பிளக் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்றது. அவர்களே 1947-இல் புதுத் தரம் வகுத்துப் பட்டைப் பின்னுக்கு மாறிவிட்டார்கள். அதுதான் டைப் ஜி: பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும், மேலே நிற்கும் எர்த் பின் நீளமாக இருக்கும். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், அமீரகம் எல்லாம் இதுவே. அந்த எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். பேனாவாலோ குச்சியாலோ மூடியைத் தள்ளிவிட்டு டூ பின் சார்ஜரை நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழந்தைகள் முன்னால் செய்யவே செய்யாதீர்கள்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில், மெல்லிய இரட்டை உருண்டைப் பின் உள்ள நம் போன் சார்ஜர் அடாப்டரே இல்லாமல் பொருந்தும். லேப்டாப்பின் த்ரீ பின் பொருந்தாது. ஜெர்மனியில் சாக்கெட் வட்டமாக உள்குழிந்திருப்பதால் சதுர உடம்புள்ள அடாப்டர் அடிவரை போகாது. உடம்பும் வட்டமாக உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நம் ஊரின் தடித்த டூ பின்னை அங்கே அழுத்தித் திணித்தால் சாக்கெட் கெடும்.

அமெரிக்காவில் தட்டையான இரண்டு பின், அல்லது அதோடு ஓர் உருண்டை எர்த் பின். ஜப்பானில் பெரும்பாலும் தட்டையான இரண்டு மட்டுமே. ஆகவே அமெரிக்காவுக்கு வாங்கிய த்ரீ பின் அடாப்டர் ஜப்பான் ஓட்டல் சுவரில் ஏறாது. ஆஸ்திரேலியாவில் சாய்ந்த பட்டைப் பின்.

யூனிவர்சல் அடாப்டரா, தனி அடாப்டரா?

ஒரே பயணத்தில் பல நாடுகள் என்றால் யூனிவர்சல் வசதி. ஒரே நாட்டில் தங்குவதென்றால் அந்த நாட்டுக்கான தனி அடாப்டரையே நான் தேர்ந்தெடுப்பேன். யூனிவர்சல் அடாப்டர் கனமானது. அமெரிக்காவின் தளர்ந்த பழைய சாக்கெட்டுகளில் நிற்காமல் தொங்கும். பலவற்றில் எர்த் இணைப்பும் கிடையாது. எர்த் இல்லாமல் சார்ஜ் ஏறும்போது உலோக லேப்டாப்பைத் தொட்டால் கையில் சுருசுருவென்று உணர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அடாப்டரில் அச்சிட்ட ஆம்பியரையும் பாருங்கள். 6 ஆம்பியர் அடாப்டர் 230 வோல்ட்டில் 1380 வாட் தாங்கும். 110 வோல்ட்டில் 660 வாட்தான். ஃபியூஸும் துளை மூடியும் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நீண்ட நாள் தங்குபவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. லேப்டாப் சார்ஜரின் கறுப்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள வயரைக் கழற்ற முடியும். மூன்று துளை உள்ள அந்த வயரைக் கடைக்காரர்கள் மிக்கி மவுஸ் கேபிள் என்பார்கள். போன ஊரிலேயே உள்ளூர் பிளக் உள்ள அதே வயரை வாங்கி மாட்டிக்கொண்டால், எர்த்தோடு உறுதியாக நிற்கும்; லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம். அமெரிக்க வயர் 125 வோல்ட்டுக்கானது என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

போன், வாட்ச், இயர்போன் எல்லாம் யுஎஸ்பி சி ஆகிவிட்ட இந்நாளில், 65 வாட் சார்ஜர் ஒன்று பல சார்ஜர்களின் இடத்தைப் பிடிக்கிறது. குடும்பமாகப் போகும்போது நம் ஊர் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றையும் நல்ல அடாப்டர் ஒன்றையும் எடுத்துக்கொள்கிறோம். சார்ஜர்கள் எல்லாம் அதிலேயே ஏறிவிடும். அதில் சூடாக்கும் சாமான் எதையும் மாட்டுவதில்லை.

மருந்துக் கருவிகளை விட்டுவிடாதீர்கள்

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்வேன். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியின் சார்ஜர் பெரும்பாலும் 100-240 வோல்ட் வகை. ஆனால் இங்கே வாங்கும் கம்ப்ரஸர் நெபுலைசர்களில் பல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மட்டும். அமெரிக்காவில் அடாப்டரோடு மாட்டினால் மருந்துப் புகை சரியாக வராது. நள்ளிரவில் இளைப்பு வந்தபிறகு தெரிந்து பயனில்லை. கிளம்பும் முன்பே லேபிளைப் படியுங்கள். பொருந்தாதென்றால் மருத்துவரிடம் கேட்டு பேட்டரியில் ஓடும் கருவியோ அங்கேயே வாங்கும் கருவியோ ஏற்பாடு செய்யுங்கள்.

பல ஓட்டல்களில் சாவி அட்டையை உருவினால் பிளக் பாயிண்ட்டும் அணைந்துவிடும். இன்சுலினை அறை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள், அது எப்போதும் ஓடுமா என்று வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுத்ததும், எடுத்துப் போக நினைக்கும் எல்லா மின்சாமான்களையும் மேசையில் பரப்பி, இன்புட் வரியை ஒவ்வொன்றாகப் படியுங்கள். போகும் நாட்டுக்குப் பொருந்தாதவற்றை எடுத்து வையுங்கள். எஞ்சியவற்றின் பின்னை எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். அப்போது உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நல்ல அடாப்டர்தான் என்று தெரிந்துவிடும். அதை நல்ல தரத்தில் வாங்கவும் மனம் வரும்.