உண்மை மேலே ஏறாத நிறுவனம்: நோக்கியா தரும் பாடம்

முன்னுரை

நியாலாஸ், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த நம் தாத்தா பாட்டிகளுக்குத் தலைமை என்பது கண்ணெதிரே நின்ற ஒன்று. மண்டோர், கிராணி, துரை என்று மூன்று படிகள். யார் வேலை ஏவுகிறார், யார் பேர் பதிகிறார், யார் முடிவு செய்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த தலைமுறையினர் பத்து பெரெண்டாம் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறினர். இன்று பட்டம் பெற்று வெளியேறும் நம்மில் பலர் சைபர்ஜெயா, பினாங்கு, சிங்கப்பூர் எனத் தொழில்நுட்ப நிறுவனங்களை நாடுகிறோம். அங்கே முடிவெடுப்பவர் வேறொரு நாட்டில் இருக்கலாம். அவர் முகத்தைத் திரையில் மட்டுமே நாம் காணலாம். அத்தகைய தலைமை வழிதவறினால், கீழே பணிபுரிபவரின் நிலை என்ன? அவர் செய்யக்கூடியது என்ன? தமிழ்நாட்டு மண்ணிலும் தடம் பதித்த நோக்கியா நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஶ்ரீபெரும்புதூரில் ஓர் ஆலை

பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 2005-ஆம் ஆண்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 2006-இல் சென்னைக்கு அருகே ஶ்ரீபெரும்புதூரில் கைத்தொலைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. விரைவிலேயே அது நோக்கியாவின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. உச்ச காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு நேரடியாகப் பணிபுரிந்தனர். சுற்று வட்டார ஊர்களிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்து வந்த இளைஞர்களே அவர்களில் பெரும்பாலோர், பெண்கள் அதிகம்.

2007-இன் இறுதியில் உலகில் விற்பனையான கைத்தொலைபேசிகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு நோக்கியாவுடையவை. அதே ஆண்டில்தான் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை வெளியிட்டது. மறு ஆண்டு ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகள் சந்தைக்கு வந்தன. 2012-இல் சாம்சுங் நோக்கியாவை முந்தியது. 2013 செப்டம்பரில், தன் கைத்தொலைபேசிப் பிரிவையே மைக்ரோசாப்டுக்கு விற்கப்போவதாக நோக்கியா அறிவித்தது. உச்சியிலிருந்து விற்பனை வரை ஆறே ஆண்டுகள்.

அச்சம் மறைத்த உண்மை

நோக்கியாவில் திறமை இல்லாமல் போயிற்றா? அப்படிச் சொல்ல முடியாது. ஐபோனுக்கு முன்பே, 2004-இல், தொடுதிரை கொண்ட 7710 என்னும் கருவியை அந்நிறுவனம் அறிவித்திருந்தது. அதன் சிம்பியன் இயங்குதளம் புதிய போட்டிக்கு ஈடுகொடுக்காது என்பதும் உள்ளே இருந்த பலருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் ஏன் திருத்தவில்லை என்பதே கேள்வி.

தீமோ வூரி, க்வி ஹுய் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடினர். நோக்கியாவின் உயர் நிர்வாகிகள், இடைநிலை மேலாளர்கள், பொறியாளர்கள் உள்ளிட்ட 76 பேரை நேர்காணல் செய்து எழுதிய ஆய்வை அவர்கள் 2015-இல் வெளியிட்டனர். அவர்கள் கண்ட விடை அச்சம் என்பதாகும். உயர் நிர்வாகிகள் போட்டியாளருக்கும் பங்குதாரருக்கும் அஞ்சினர். தங்கள் மென்பொருள் பின்தங்கிவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ள அவர்களுக்குத் துணிவில்லை. அந்த அழுத்தத்தைக் கீழே இறக்கினர். கூட்டங்களில் சத்தம் போட்டனர். இடைநிலை மேலாளர்களோ அவர்களுக்கு அஞ்சி, முடியாததை முடியும் என்றனர். தாமதத்தைச் சிறிதாகக் காட்டினர். மேலே இருந்தவர்கள் அந்த இனிப்பான அறிக்கைகளை நம்பி மேலும் கெடுபிடி செய்தனர். நெடுங்காலம் எடுக்கும் புதிய இயங்குதளப் பணி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

விலை கொடுத்தவர்கள்

2014 ஏப்ரலில் விற்பனை நிறைவடைந்தபோது ஶ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேர்க்கப்படவில்லை. இந்திய வரித்துறையோடு 2013 முதல் நடந்துவந்த வழக்கே அதற்குக் காரணம். சிறிது காலம் மைக்ரோசாப்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் உற்பத்தி நடந்தது. அந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வர, 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறியிருந்தனர். ஆலையைக் காக்கத் தொழிற்சங்கம் போராடியும் பயனில்லை. அந்த ஆலையை சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்குவதாக 2019-இல்தான் அறிவிப்பு வந்தது.

மூடலுக்கு வரி வழக்கும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தாய் நிறுவனம் வலிமையோடு இருந்திருந்தால் அந்த வழக்கு ஆலையின் மூச்சை நிறுத்தியிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது. பின்லாந்தின் கூட்ட அறையில் சொல்லப்படாத ஓர் உண்மைக்கு, அந்த அறையைப் பார்த்தே இராத தமிழ்ப் பெண்களும் விலை கொடுத்தார்கள்.

சிவப்பு பச்சையாகும் விதம்

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய நோயன்று. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் தொழிற்பயிற்சி மேற்கொண்டபோது வாரந்தோறும் பணிநிலை அறிக்கை தயாராகும். பொறியாளர் சிவப்பு என்று குறித்ததைக் குழுத் தலைவர் மஞ்சளாக்குவார். பிரிவு மேலாளர் அதைப் பச்சையாக்கி மேலே அனுப்புவார். ஏன் இப்படி என்று அங்குப் பணிபுரிந்த ஓர் அக்காவைக் கேட்டேன். "தம்பி, சிவப்புன்னு போட்டா மறுநாளே கூட்டம். எப்படிச் சரி பண்றதுன்னு கேக்க மாட்டாங்க, யார் தப்புன்னுதான் கேப்பாங்க" என்றார். அந்த ஆய்வு முழுவதையும் அக்காவின் இரண்டு வரி விளக்கிவிட்டது.

வள்ளுவர் காட்டும் நெறி

இந்நோயை வள்ளுவர் பொருட்பாலில் நன்கு கண்டறிந்துள்ளார். இடித்துரைப்பார் துணை இல்லாத மன்னன், கெடுப்பார் எவரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தின் கருத்து. அது தலைவனுக்குச் சொன்னது. 'அமைச்சு' அதிகாரமோ பணிபுரிபவரை நோக்கிப் பேசுகிறது: அரசன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் ஏற்காமல் இருந்தாலும், உறுதியானதைக் கூறுவது உடனிருப்பவன் கடமை. அதற்காக வள்ளுவர் நம்மைக் கண்மூடி மோதச் சொல்லவில்லை. 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' அதிகாரத்தில், குளிர்காய்பவர் தீயிடம் இருப்பதுபோல் மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்க வேண்டும் என்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, உண்மை நிலையை எழுத்தில் வைக்க வேண்டும். தேதி, எண், நடந்தது ஆகியவை மட்டும் போதும், கோபம் வேண்டாம். வாய்ச்சொல்லை மறுப்பது எளிது, மின்னஞ்சலை மறுப்பது அரிது.

இரண்டாவதாக, சிக்கலோடு வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "முடியாது" என்பதைவிட, "இந்த இரண்டை விட்டால் இம்மாதம் முடியும்" என்பது காது கொடுக்க வைக்கும்.

மூன்றாவதாக, தனி ஆளாக நிற்காமல் உடன் பணிபுரிபவரோடு சேர்ந்து பேச வேண்டும். ஒருவர் சொன்னால் குறை; ஐவர் சொன்னால் செய்தி.

நான்காவதாக, நம் உரிமையை அறிந்திருக்க வேண்டும். மலேசியாவில் நியாயமான காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர், 1967-ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் புகார் அளிக்கலாம். வேலை இழந்தோர்க்கு உதவ 2018-இல் தொடங்கிய சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்திற்கும் 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமாக விலகியவருக்கு இத்திட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆகவே கோபத்தில் விலகல் கடிதம் நீட்டுமுன் ஒரு முறைக்கு இரு முறை சிந்திப்பது நன்று.

இறுதியாக, பொய்க்குக் கையெழுத்திடும்படி கேட்கப்பட்டால் மறுக்க வேண்டும். அங்கு தொடர்ந்து இருக்க முடியாது என்று தெளிந்தால், வேறு வேலையைத் தேடிக்கொண்டு விலகுவதில் தவறில்லை.

முடிவுரை

நோக்கியா முற்றிலும் அழிந்துவிடவில்லை. 2012-இல் அதன் இயக்குநர் வாரியத் தலைவரான ரிஸ்தோ சிலாஸ்மா, கெட்ட செய்தி தம்மிடம் வந்து சேர்வதையே நல்ல அறிகுறியாகக் கொள்ளும் பழக்கத்தை வலியுறுத்தினார். பின்னர் அந்நிறுவனம் தொலைத்தொடர்புக் கட்டமைப்புத் துறையில் மீண்டும் நிலைபெற்றது. ஆனால் ஶ்ரீபெரும்புதூரில் வேலை இழந்தவர்களுக்கு அந்த மாற்றம் காலம் கடந்து வந்தது.

அன்புத் தோழர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் சிலர் குழுத் தலைவர்கள் ஆவோம். அன்று நம் மேசைக்கு ஓர் இளைய பொறியாளர் சிவப்பு அறிக்கையோடு வருவார். "யார் தப்பு?" என்று கேட்காமல், "உட்காருங்கள், என்ன நடந்தது?" என்று கேட்போம்.